திரை கட்டுவதற்கு முன் யாரிடம் கேட்பது?

கேள்வி: 2025 ஜூன் 8

யாழ்ப்பாணத்தில் அண்மைக் காலமாகக் கண்காட்சிகளும் ஆவணப்படக் காட்சிகளும் "இணைந்து வழங்கும்" என்ற சொல்லோடு நடக்கின்றன. பதாகையின் அடியில் ஐந்து இலச்சினைகள் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஐந்து அமைப்புகளிலும் வேலை செய்கிறவர்கள். இப்போது மண்டபத்தை விட்டுச் சந்தைக்கும் வாசிகசாலைக்கும் கோயில் வீதிக்கும் கொண்டுபோகப் போகிறார்களாம். இடம் மாறினால் எல்லாம் மாறிவிடுமா? பணம் தந்தவர்களுக்கு அறிக்கையில் போடப் புகைப்படம் கிடைக்கும். பார்த்துக்கொண்டு நின்ற எங்களுக்கு என்ன கிடைக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 9, காலை

ஒன்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். பகலில் பாடசாலை ஆசிரியை. மாதத்துக்கு ஒரு மாலை, நண்பர்கள் மூவருடன் வலிகாமத்தின் வாசிகசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் ஆவணப்படம் காட்டுகிறேன். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இடம் மாறினால் ஒன்றும் மாறாது என்ற முடிவு என் அனுபவத்தோடு பொருந்தவில்லை.

முதற் காட்சியை 2016இல் ஒரு வாசிகசாலையின் வெளிச்சுவரில் காட்டினோம். குடாநாட்டின் நிலத்தடி நீர் பற்றிய ஐம்பது நிமிடப் படம் அது. ஆறில்லாத இந்த மண்ணில், சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரை நம்பித்தான் குடிக்கிறோம், தோட்டம் செய்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதனாலேயே இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டவர்களும் உண்டு. கொழும்பிலுள்ள ஓர் அமைப்பு புரொஜெக்டரைத் தந்தது. ஆங்கில விவரணைக்குத் தமிழ் உபதலைப்பைப் பல்கலைக்கழக மாணவர் இருவர் எழுதினார்கள். வாசிகசாலை சுவரையும் கரண்டையும் தந்தது. பதினைந்தாவது நிமிடத்தில் முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் எழுந்து, "உது என்ரை மச்சானின்ரை கிணறு. தம்பி, உதைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ" என்றார். நிறுத்தினோம். அந்தக் கிணற்றை யார் வெட்டினார்கள், எத்தனை முழத்தில் தண்ணீர் வந்தது, எந்த ஆண்டிலிருந்து தண்ணீர் சவர்க்கத் (உப்பாகத்) தொடங்கியது என்று அவர் சொல்ல, இன்னொருவர் ஆண்டு பிழை என்று மறுக்க, ஐம்பது நிமிடப் படம் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. அதே படத்தை முந்தைய மாதம் நகரில் குளிரூட்டிய மண்டபமொன்றில் பார்த்திருந்தேன். முடிந்ததும் நெறியாளரிடம் கமராவைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். பிறகு எல்லோரும் தேநீருக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே இடம் மாறியதில் ஏதோ ஒன்று மாறியது. ஆனால் நீங்கள் சொல்லும் இலச்சினைக் கதையும் அங்கேயே நடந்தது. துண்டறிக்கையில் கொழும்பு அமைப்பின் இலச்சினையும் நிதி தந்த வெளிநாட்டு அமைப்பின் இலச்சினையும் இருந்தன. வாசிகசாலைக்கு இலச்சினை இல்லை என்பதால் அதன் பெயரையே விட்டுவிட்டோம். அச்சுக்குக் கொடுத்தவள் நான். அடுத்த மாதம் காரியதரிசி வாசிகசாலையின் திறப்பைத் (சாவியைத்) தரவில்லை.

ஜூன் 9, இரவு

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். காரியதரிசி மறுக்கவில்லை. திறப்பு தலைவரிடம் இருப்பதாகச் சொன்னார். தலைவர் அதைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பொருளாளர் வவுனியாவுக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் காரியதரிசியின் மனைவி படலையடியில் நின்று, "பிள்ளை, நோட்டீசிலை எங்கடை வாசிகசாலையின்ரை பேர் இல்லை எண்டு இவருக்குச் சரியான மனவருத்தம்" என்று சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. நேரே சொல்லாததற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய தகப்பனார் காலத்தில் ஊரார் கல் சுமந்து கட்டிய கட்டடம் அது.

ஜூன் 12

பொதுவெளி என்பதே மேற்கத்தையக் கருத்து, இங்கே இருப்பவை மண்டபமும் கோயிலும் மட்டுமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பருத்தித்துறைக்குப் போய்த் தெருமூடி மடத்தின் ஊடாக ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். வீதிக்கு மேலே கூரை. இரு பக்கமும் வழிப்போக்கர் இருந்தும் கிடந்தும் ஆறத் திண்ணை. வீட்டு வெளிவாசலான சங்கடப் படலைக்குக் கூரை வைத்ததும் தெருவால் போகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்குத்தான். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டியவர்கள், முகம் தெரியாத ஒருவருடைய தலைச்சுமையை நினைத்து அதன் உயரத்தைக் கணக்கிட்டார்கள். முன்பின் தெரியாத மனிதருக்காகச் சொந்தச் செலவில் ஓர் இடத்தைச் செய்து வைக்கும் பழக்கத்தை யாரும் வெளியிலிருந்து வந்து எங்களுக்குக் கற்பிக்கவில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மையை மறைத்தவளாவேன். தேநீர்க்கடைக்குள் இருந்து குடிப்பதற்கே ஒடுக்கப்பட்ட சாதியினர் போராட வேண்டியிருந்த ஊர் இது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் எங்கள் பெற்றோர் கண்ணால் கண்ட வரலாறு. கோயில் வீதி எல்லோருக்கும் பொது என்று இன்று ஒருவர் எளிதாகச் சொல்லிவிடலாம். அந்த மண்ணில் கதிரை போட்டு அமர்வது எல்லோருக்கும் எளிதன்று.

2018இல் ஒரு கோயிலின் தெற்கு வீதியில் படம் காட்டினோம். நிர்வாகம் மின்விளக்கும் பந்தலும் தந்தது. நல்ல கூட்டம். வீதிக்கு அப்பால், ஒழுங்கையின் (சிறு தெருவின்) முகப்பில், ஒரு குடும்பம் சைக்கிள்களைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கதிரை இருக்கிறது, வாருங்கள் என்று நான் போய்க் கூப்பிட்டேன். "பரவாயில்லை ரீச்சர், இஞ்சை நிண்டாலும் வடிவாத் தெரியுது" என்றார் அந்த அம்மா. இருட்டில் அவருடைய முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. மறுநாள் சக ஆசிரியை ஒருவர் காரணத்தைச் சொன்னபோது, அந்த ஊரில் பதினொரு ஆண்டுகள் படிப்பித்தும் இது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று எனக்கு நித்திரை வரவில்லை. அங்கே எவரும் எவரையும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அடுத்த காட்சியைப் பிரதேச சபையின் சந்தைக் கட்டடத்துக்கு மாற்றினோம். மதியத்துக்குப் பின் அது வெறுமையாகக் கிடக்கும். மரக்கறி மணமும் மீன் மணமும் போகவில்லை. அந்த அம்மா வந்தார். வீட்டிலிருந்து கதிரை கொண்டுவந்து முன்வரிசையில் போட்டு அமர்ந்தார்.

ஜூன் 13

கோயில் நிர்வாகத்தின் மேல் பழி போடுகிறேன் என்று ஒருவர் வருந்தியிருக்கிறார். அவர்கள் கேட்டதைத் தந்தார்கள், ஒரு சதமும் வாங்கவில்லை. இடத்தைத் தெரிவு செய்தவள் நான். இங்கே யார் வர மாட்டார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டவளும் நான்.

பெயர் பற்றி எழுதியதற்கு, ஒரு பெயருக்காகத் திறப்பை ஒளிப்பதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பொதுநூலகத்துக்கு அருகே இந்தியாவின் நிதியில் எழுந்த பதினொரு மாடிக் கலாசார மையத்துக்கு இந்த ஆண்டு ஜனவரியில் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். திருவள்ளுவரை மறுக்க இங்கே யாரும் இல்லை. இருந்தும் "யாழ்ப்பாணம்" என்ற சொல் பெயரில் இல்லையே என்று நகரம் முழுவதும் மனம் நொந்தது, பின்னர் அந்தச் சொல்லைச் சேர்த்தார்கள். வாசிகசாலைக் காரியதரிசிக்கு வந்ததும் அதே நோவுதான்.

ஜூன் 21

சமகாலக் கலையை ஊர் நடுவே வைப்பதற்கு இங்கே முன்மரபு இல்லை என்ற கருத்து மூன்று பேரால் எழுதப்பட்டிருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய "மண் சுமந்த மேனியர்" நாடகம் பல்கலைக்கழக மாணவர்களோடு ஊரூராகப் போனது. 2004இல், 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீளக் கட்டப்பட்ட அதே பொதுநூலகத்தில், தெற்கிலிருந்து வந்த ஓவியர்களும் வடக்கின் ஓவியர்களும் சேர்ந்து "அகம் புறம்" என்ற கண்காட்சியை நடத்தினார்கள். கொழும்பின் தீர்த்த கலைஞர் கூட்டமைப்பு அதில் பங்காளி. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலான இடத்தில், குடாநாட்டு வீடுகளிலிருந்து மக்கள் தந்த பொருட்களைக் கொண்டு ஓவியர் தா. சனாதனன் தமது நிறுவற்கலையை அமைத்தார். பொருளைத் தந்தவர் அதைப் பார்க்க வருவார்; வரும்போது பக்கத்து வீட்டாரையும் அழைத்து வருவார். பார்வையாளரைச் சேர்ப்பதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அவருடைய இன்னொரு வேலை 2011இல் நூலாக வந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தாம் விட்டு வந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். அதைக் கட்டடக் கலைஞர் அளவுப்படமாக வரைந்தார். பின்னர் ஓவியர் தமது சித்திரத்தைச் சேர்த்தார். காணிகளைப் பதிந்த பழைய தோம்பை முடிவுறாத தோம்பு என்று ஆக்கிய அந்தத் தலைப்பே ஒரு முழு வாதம். அந்நூலை வெளியிட்டவர்கள் 2013இல் சமகாலக் கலைக்கும் கட்டடக் கலைக்கும் வடிவமைப்புக்குமான ஓர் ஆவணக் காப்பகத்தை யாழ்ப்பாணத்திலேயே தொடங்கினார்கள். 2015இலிருந்து இங்கே சர்வதேசத் திரைப்பட விழாவும் நடந்திருக்கிறது. ஆகவே மரபு இல்லை என்பது சரியன்று. மரபு இருப்பது பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் போய்ச் சேரவில்லை என்றால் ஏற்றுக்கொள்வேன்.

அந்த நூலைப் படித்த பின் எங்கள் மாணவர்களைக் கொண்டு ஒரு சிறு முயற்சி செய்தோம். பேர்த்தியும் பேரனும் தங்கள் அம்மம்மாவிடம் கேட்டு, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்கு முன்பிருந்த வீட்டின் அறைகளை வரைந்தார்கள். அவற்றைப் பேருந்துத் தரிப்பிடத்தின் உட்சுவரில் இரண்டு கிழமை தொங்கவிட்டோம். மூன்றாம் நாள் ஒரு படம் காணாமற் போயிற்று. யாரோ குழப்படி செய்துவிட்டார்கள் என்று எண்ணி மற்றப் படங்களையும் கழற்ற ஆயத்தமானபோது, ஒரு வயதானவர் அந்தப் படத்தோடு வந்தார். குசினிக்குப் பின்னால் முற்றத்தில் தென்னை நிற்கும் அந்த வீடு தம்முடைய வீடு போலவே இருந்ததால், மனைவி நடக்க முடியாதவர் என்பதால், காட்டுவதற்குக் கொண்டுபோனாராம். "அவ பாத்திட்டா, இந்தாங்கோ" என்று திருப்பித் தந்தார். வரைந்த பிள்ளை அந்தப் படத்தை அவருக்கே கொடுத்துவிட்டது.

ஜூன் 22

கருவிகளைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு.

பெரிய திரை வேண்டும் என்ற ஆசையை முதலில் விடுங்கள். அதே புரொஜெக்டரில் படத்தின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும், வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். மூவாயிரம் லூமன் வெளிச்சம் உள்ள சாதாரணப் பாடசாலை புரொஜெக்டர் பத்தடி அகலத்துக்குப் போதும். தெருவிளக்கு திரையில் விழும் இடமாக இருந்தால் அதுவும் போதாது. விளக்கை அணைக்க யாரிடம் கேட்க வேண்டும் என்பதை முன்னரே விசாரியுங்கள். ஆனி, ஆடியில் ஏழு மணிக்கு முன் திரையில் எதுவும் தெரியாது.

காற்றைக் கவனியுங்கள். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் திறந்த வெளியில் கட்டிய துணி பாய்மரமாகிவிடும். எங்கள் முதல் ஆண்டில் இரண்டு பூவரசங் கம்பங்களோடு திரை சரிந்து ஒலிபெருக்கியின் மேல் விழுந்தது. தென்மேற்குப் பக்கம் கட்டடம் மறைக்கும் இடத்தில் கட்டுங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவர் எந்தத் துணியையும்விட நல்லது.

உபதலைப்பை மண்டபத்துக்கு எழுதிய அளவில் வெளியில் காட்டாதீர்கள். பின்வரிசையில் இருப்பவர்களில் பலர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த முதியவர்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வசனத்தைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் பொருள் குறையும். ஆகவே சில படங்களுக்கு நாங்கள் உபதலைப்பை விட்டுவிட்டு ஒருவரை ஒலிவாங்கியோடு அருகே இருத்தி வாசிக்கச் செய்கிறோம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரின் மகன் அதை அழகாகச் செய்கிறார். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கண்காட்சிக் குறிப்புகளுக்கும் இது பொருந்தும். கொழும்பில் 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் குறிப்புகளை மூன்று மொழிகளிலும் வைக்கிறது. யாழ்ப்பாணத்தில் நடக்கும் கண்காட்சியில் தமிழ்க் குறிப்பு மூலத்தைவிடச் சிறிய எழுத்தில், பிழையோடு தொங்குவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். அதைத் திருத்தித் தர இந்த ஊரில் எத்தனையோ ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் காத்திருக்கிறார்கள், கேட்பாரில்லை.

ஜூலை 6

அனுசரணையே வேண்டாம், மக்கள் பணத்தில் நடத்த வேண்டும் என்று எழுதியவருக்கு என் மரியாதை. இந்தியாவில் கோரக்பூரில் 2006இல் தொடங்கிய திரைப்பட விழா அரசிடமோ நிறுவனங்களிடமோ தொண்டு அமைப்புகளிடமோ பணம் வாங்காமல் பார்வையாளரின் உதவியில் நடந்தது. கேரளத்தில் மலையாளத் திரைப்பட இயக்குநர் ஜோன் ஏபிரகாமும் அவருடைய ஒடேசா குழுவினரும் ஊரூராகப் படம் காட்டி, மக்களிடம் பணம் சேர்த்து, 1986இல் ஒரு முழுநீளப் படத்தையே வெளிக்கொண்டுவந்தார்கள்.

ஆனால் எடுத்துக்காட்டுக்கு அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் பொன் விலை. எங்கள் ஒழுங்கையில் படம் பார்க்க வேண்டுமானால் ஒரு வீட்டுத் தொலைக்காட்சி, இன்னொரு வீட்டு வீடியோ டெக், வாடகைக்கு ஒரு ஜெனரேற்றர், எல்லா வீட்டிலிருந்தும் தலைக்கு இவ்வளவு என்று மண்ணெண்ணெய்க் காசு. என்ன படம் என்பதை முதல் நாளே திண்ணையில் சண்டை பிடித்து முடிவு செய்வார்கள். காசு தர முடியாத வீட்டாரும் வருவார்கள். அவர்கள் பாய் கொண்டுவந்து விரிப்பார்கள், முடிந்ததும் முற்றம் கூட்டுவார்கள். கூட்டாண்மை என்ற சொல்லை முதன்முதலில் ஓர் உடன்படிக்கைப் பத்திரத்தில் வாசித்தபோது எனக்கு அந்த முற்றம்தான் நினைவுக்கு வந்தது. பத்திரத்திலோ இடம் தருபவர் "பயனாளி" என்று எழுதப்பட்டிருந்தார். பங்காளி என்று மாற்றக் கேட்டோம். அந்த அமைப்பின் படிவத்தில் அப்படியொரு நிரல் இல்லை என்று பதில் வந்தது.

எங்கள் தந்தையாரின் நினைவு இதற்கு நேர்மாறு. 1948இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கிய பின்னரான ஆண்டுகளில், பாடசாலை மைதானத்துக்கு அரசாங்க வாகனமொன்று வந்து இலவசமாகப் படம் காட்டியதை அவர் சொல்வார். ஊரே கூடுமாம். படம் முடிந்ததும் வாகனம் போய்விடும். என்ன படம் வேண்டும் என்று வாகனத்தில் வந்தவர்கள் ஒருநாளும் கேட்டதில்லையாம்.

ஆகவே நான் அனுசரணையை மறுக்கவில்லை. புரொஜெக்டர் பழுதானால் விளக்கு மாற்ற எங்கள் நால்வரின் சம்பளம் போதாது. படத்தை யார் தெரிவு செய்வது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். மூன்று படங்களின் முன்னோட்டத்தை வாசிகசாலைக் குழுவுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் தெரிவு செய்த பிறகே அனுசரணையாளரிடம் போகிறோம். ஊருக்கு இதுதான் தேவை என்று நாங்கள் எண்ணிய படத்தை அவர்கள் பெரும்பாலும் தெரிவு செய்வதில்லை. ஒருமுறை போருக்குப் பிந்தைய காணி மீட்பு பற்றிய படத்தை விட்டுவிட்டுத் தேனீ வளர்ப்புப் படத்தைத் தெரிவு செய்தார்கள். காணிப் பிரச்சினை தங்களுக்குத் தெரியும், தேனீயைப் பற்றித் தெரியாது என்றார்கள்.

இன்னொன்று: காட்டிய படத்தின் பிரதி ஒன்றை ஊரில் விட்டுவிட்டு வர வேண்டும். வாசிகசாலையின் அலுமாரியில் புத்தகம் போல அதுவும் இருக்கட்டும். இதை எல்லா அமைப்புகளும் உடன்படிக்கையில் எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

ஜூலை 19

பதினெட்டு நாள் ஓர் ஆவணப்படக் குழுவோடு மொழிபெயர்ப்பாளராக இருந்த அனுபவத்தை எழுதுவதா விடுவதா என்று இரண்டு கிழமையாக யோசித்தேன். ஊரையும் ஆண்டையும் விட்டுவிடுகிறேன்.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாய் அந்தப் படத்தில் பேசுகிறார். ஒளிப்பதிவுக்கு முன் சம்மதப் பத்திரத்தை நான்தான் தமிழில் வாசித்துக் காட்டினேன். உலகின் எந்தப் பகுதியிலும், எந்த ஊடகத்திலும் காட்டலாம் என்று அதில் இருந்தது. "உலகம் முழுக்கக் காட்டட்டும் பிள்ளை, அதுக்குத்தானே சொல்லுறன்" என்று கையெழுத்து வைத்தார். படம் வெளிநாடுகளில் ஓடியது, பாராட்டும் பெற்றது. பிறகு ஒருநாள் நாங்கள் அதை அவருடைய ஊரின் சனசமூக நிலையத்தில், நல்ல எண்ணத்தோடு, அவருக்குப் பெருமை சேரும் என்று நம்பிக் காட்டினோம். அவரை முன்வரிசையில் இருத்தினோம்.

படத்தின் நடுவில் அவர் தம் மருமகளைப் பற்றி ஒரு வசனம் சொல்கிறார். தொலைதூரத்தில் யாரோ கேட்கப் போகிறார்கள் என்று எண்ணிச் சொன்ன வசனம். மருமகள் நான்கு கதிரை தள்ளி இருந்தார். அவருடைய தாய் வீட்டார் பின்வரிசையில் இருந்தார்கள். திரையைப் பார்ப்பதை விட்டு எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். படம் முடிந்ததும் கலந்துரையாடல் நடக்கவில்லை. அந்தத் தாய் என் கையைப் பிடித்து, "உலகத்துக்குக் காட்டச் சொன்னனான். ஊருக்குக் காட்டச் சொல்லேல்லை" என்றார்.

பத்திரத்தின்படி நாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. உலகின் எந்தப் பகுதியிலும் என்பதில் அவருடைய ஒழுங்கையும் அடங்கும். ஆனால் வாசித்துக் காட்டியபோது அந்தச் சொல்லுக்குள் அவருடைய ஒழுங்கை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எனக்கே அது தோன்றவில்லை. அவருக்கும் மருமகளுக்கும் இடையில் பேச்சு நின்று ஓராண்டுக்கு மேல் ஆனது. இப்போது பேசுகிறார்கள், பேரப்பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாவில் இருவரையும் ஒன்றாகக் கண்டேன். ஆனால் அதற்கு நாங்கள் எந்த உதவியும் செய்யவில்லை.

ஜூலை 20

நேற்று எழுதியதை இரவு மீண்டும் வாசித்தபோது, ஜூலை 6இல் எழுதிய கடைசிப் பந்தி தவறு என்று கண்டேன். எல்லாப் படங்களின் பிரதியையும் ஊர் அலுமாரியில் விட வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தேன். கிணற்றுப் படத்துக்கும் தேனீப் படத்துக்கும் அது சரி. ஒருவருடைய வீட்டுக் கதை உள்ள படத்துக்குச் சரியன்று. படத்தில் பேசியவர் உயிரோடு இருக்கும்போது, அவருடைய ஊரில் அதைக் காட்டுவதற்கும் வைப்பதற்கும் தனியாக, கமரா இல்லாமல், உறவினர் யாரும் பக்கத்தில் இல்லாமல் கேட்க வேண்டும். முதலில் அவர் தனியே பார்க்க வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். இதுவரை இருவர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஒரு காட்சியை முழுவதுமாக நிறுத்தினோம், மற்றதைப் பக்கத்துப் பிரதேசத்தில் காட்டினோம்.

ஆகஸ்ட் 3

நல்லூர்த் திருவிழாக் காலம் என்பதால் இந்த மாதம் காட்சி இல்லை. எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

அப்படியானால் யாராவது வேண்டாம் என்றால் எந்தப் படத்தையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடினமான கேள்வி. பொது இடத்தில் படமோ நாடகமோ காட்டுவதற்கு அனுமதி பெற வேண்டும் என்பது 1912ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. அது அரசின் கை. எங்களுடைய கையும் உண்டு. 2018இல் ஜூட் ரட்ணத்தின் "டீமன்ஸ் இன் பரடைஸ்" என்ற ஆவணப்படம், முந்தைய ஆண்டு கான் விழாவில் காட்டப்பட்ட படம், இங்கே நடந்த திரைப்பட விழாவில் எதிர்ப்பு எழுந்ததால் விலக்கிக்கொள்ளப்பட்டது. தமிழ் ஆயுத இயக்கங்களுக்கிடையிலான வன்முறையைப் பேசும் படம். எதிர்த்தவர்களில் இழப்பைச் சுமந்தவர்களும் இருந்தார்கள். காட்டச் சொன்னவர்களிலும் இருந்தார்கள். காட்டியிருக்க வேண்டும் என்பதே அன்றும் இன்றும் என் நிலைப்பாடு. பார்த்துவிட்டுக் கோபப்படும் உரிமை ஊருக்கு உண்டு. பார்க்காமலே கோபப்பட வேண்டிய நிலையில் ஊரை வைத்திருக்கக் கூடாது.

இதையும் நேற்றுச் சொன்ன தாயின் கதையையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். தன் வாழ்க்கையைத் தந்தவர் மறுப்பது வேறு, தனக்குப் பிடிக்காத கருத்தைப் பார்வையாளர் மறுப்பது வேறு. முன்னவருக்கு நான் பணிவேன். பின்னவரோடு இருந்து பேசுவேன்.

ஆகஸ்ட் 3, பின்னேரம்

"நேற்று" என்று எழுதியது பிழை. அந்தத் தாயைப் பற்றி எழுதியது ஜூலை 19இல்.

ஆகஸ்ட் 24

இந்த இழையைத் தொடங்கியவர் தனியாக எழுதியிருந்தார். அவருடைய ஊரின் வாசிகசாலையில் ஒரு காட்சி நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறார். கலாசார மையத்தில் 600 பேர் இருக்கும் அரங்கு கிடைக்குமானால் அங்கேயே வைக்கலாமே என்று அவருடைய நண்பர்கள் சொன்னார்களாம். அந்த அரங்கு நல்ல அரங்கு; இசைக்கும் நாடகத்துக்கும் போய் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அவருடைய ஊரிலிருந்து மாலை ஆறரைக்குப் பிறகு திரும்பிவர பஸ் இல்லை. முதியவர்களும் பெண்களும் வர மாட்டார்கள். வாசிகசாலையிலேயே வைப்போம்.

அவரிடம் நான்கு விடயங்களைக் கேட்டு எழுதினேன். திறப்பு யாரிடம் இருக்கிறது. சுவருக்குத் தென்மேற்கே என்ன இருக்கிறது. அந்த வாசிகசாலைக்கு ஊரில் எந்த ஒழுங்கையார் வருவதில்லை. படத்தைத் தெரிவு செய்யும் கூட்டத்துக்குப் பெண்கள் எத்தனை பேர் வருவார்கள்.

முதல் இரண்டுக்கும் உடனே பதில் வந்தது. திறப்பு காரியதரிசியின் தாயாரிடம் இருக்கிறது. தென்மேற்கே நெற்களஞ்சியம் நிற்பதால் காற்றுப் பயமில்லை. மூன்றாவதற்கு, தாம் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அதை யோசித்ததில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அவர் விசாரித்து முடிக்கட்டும். துண்டறிக்கை அதன் பிறகு. பெயர்களை வாசிகசாலையில் தொடங்கி எழுதுவோம். அனுசரணையாளரிடம் இதை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள்.

சுவர் பதினான்கு அடி நீளம், காரை பெயர்ந்திருக்கிறது என்கிறார். புரட்டாதிக்குள் சுண்ணாம்பு அடிக்க ஆள் வேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது வர முடியுமானால் இங்கே எழுதுங்கள். தூரிகையும் வாளியும் எங்களிடம் இருக்கின்றன.